கடை வாசலும் உள்ளறையும்: பகிர்ந்த போல்டர் ஒன்றின் 35 வருட வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலை, பள்ளிவாசல், சங்கம், கடை என்று எங்காவது ஒரு கணினிக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

அண்மையில் ஊர்ச் சங்கம் ஒன்றில் பொறுப்பிலுள்ள ஒரு காக்கா எங்களிடம் கேட்டார். "சேர், ஒபிஸ்ல ஒரு பழைய கொம்பியூட்டர் சும்மா கிடக்கு. அத சேர்வராக்கி எங்கட வெப்சைட்ட அதுலயே ஓட்டினா காசு மிச்சம். ஒபிஸ் போல்டரையும் அதோட இணைச்சி உட்டா கட்டார்ல இருக்கிற பொடியன்மாரும் கணக்கு வழக்கப் பார்ப்பாங்க. இதுல ஏதும் பிழை இரிக்கா?"

வெப்சைட் வைப்பதில் பிழையில்லை. பழைய கணினியைப் பயன்படுத்துவதிலும் பிழையில்லை. "ஒபிஸ் போல்டரையும் அதோட இணைச்சி உட்டா" என்றாரே, அந்த இடத்தில்தான் பிழை. அது ஏன் பிழை என்பதை நாங்கள் சொல்வதை விட வரலாறு நன்றாகச் சொல்லும். ஏனென்றால் இதே பிழையை உலகம் 1988 இலிருந்து திரும்பத் திரும்பச் செய்து வருகிறது.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். கல்முனை பஸாரில் ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தெரிந்தவர், தெரியாதவர், வாங்க வந்தவர், நோட்டம் பார்க்க வந்தவர் எல்லோரும் வரலாம். பின்னால் ஓர் உள்ளறை. அங்கேதான் கணக்குப் புத்தகம், காசோலை, கடன் கொடுத்தவர்களின் கொப்பி எல்லாம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு.

இணையத்தைப் பார்த்து நிற்கும் சேர்வர் கடையின் முன்பக்கம். ஒபிஸ் கணினியிலுள்ள போல்டர் உள்ளறை. அந்தப் போல்டரை சேர்வரில் ஒரு 'இஸட் டிரைவ்' ஆகத் தெரியும்படி பகிர்ந்து விட்டால் நடுக்கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்தது போலாகிறது. சேர்வருக்கு அந்தப் போல்டரில் வாசிக்க உரிமை இருந்தால், சேர்வரைக் கைப்பற்றியவனுக்கும் வாசிக்க உரிமை உண்டு. சேர்வருக்கு எழுதவும் அழிக்கவும் உரிமை இருந்தால் அவனுக்கும் அதே உரிமை. ஒபிஸ் கணினியால் இருவரையும் வேறுபடுத்தத் தெரியாது. அதன் கண்ணுக்கு வந்திருப்பது தெரிந்த இயந்திரம். அது மரியாதையாகக் கதவைத் திறந்து விடும்.

*நம்பிக்கைப் பட்டியல்: 1988*

பைல்களை வலையமைப்பில் பகிரும் வசதி 1980களில் உருவானது. 1983 அளவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரி பைகன்பாம் என்பவர் தொடக்கி வைத்ததுதான் எஸ்.எம்.பி. என்ற முறை. இன்றும் விண்டோஸில் நாம் போல்டரைப் பகிர்வது அதன் வழியாகவே. 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்.எப்.எஸ். என்ற இன்னொரு முறையைக் கொண்டு வந்தது. பிளொப்பியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை அலைந்தவர்களுக்கு இது பெரிய வரம். ஒரு கட்டடத்துக்குள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட வசதி இது.

1988 நவம்பர் 2 ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு சிறிய புரோகிராம் இணையத்தில் பரவத் தொடங்கியது. அன்று இணையத்திலிருந்த கணினிகள் ஏறத்தாழ 60,000 தான். அவற்றில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டன என்பது அக்காலக் கணிப்பு. அது பரவிய வழிகளில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்நாட்களில் ஒரு கணினியில் "இன்ன கணினியிலிருந்து வருபவரிடம் கடவுச்சொல் கேட்க வேண்டாம், அவர் நம்ம ஆள்" என்று ஒரு பட்டியல் எழுதி வைப்பார்கள். வேலை சுலபமாக. மொரிஸின் புழு ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணினிக்குப் போனது. அங்கே அதனிடம் எவரும் கேள்வி கேட்கவில்லை.

மொரிஸ் 1990 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். பிற்காலத்தில் எம்.ஐ.டி. யில் பேராசிரியரானார். அந்தச் சம்பவம் நடந்த அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் முதலாவது கணினி அவசர உதவிக் குழு அமைக்கப்பட்டது. எமது நாட்டில் அதே பணியைச் செய்யும் ஸ்ரீலங்கா சேர்ட் 2006 இல் வந்தது.

*வீட்டு டிரைவ் வீதிக்கு வந்த காலம்: 2000, 2001*

1992 இல் வந்த 'விண்டோஸ் போர் வேர்க்குரூப்ஸ்' சாதாரண அலுவலகங்களுக்கும் போல்டர் பகிரும் வசதியைக் கொடுத்தது. அதன் பின் விண்டோஸ் 95, 98. பிறகு அதே கணினிகளில் இணையமும் வந்து சேர்ந்தது. ஒபிஸுக்குள் பகிர்ந்த 'சி டிரைவ்' உலகத்துக்கே பகிரப்பட்டிருப்பதைப் பலர் அறியவேயில்லை. 2000 ஆம் ஆண்டில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த இத்தகைய டிரைவ்களைத் தேடித் தேடித் தன்னைப் பிரதி செய்துகொள்ளும் புழுக்கள் உலாவின.

அடுத்த வருடம் வந்தது நிம்டா. 2001 செப்டம்பர் 18. 'அட்மின்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் வரும் பெயர். எமது தலைப்புக்கு நேரே பொருந்தும் உதாரணம் இதுதான். மின்னஞ்சல் வழியாக வந்தது. மைக்ரோசொப்டின் வெப் சேர்வர்களில் இருந்த ஓட்டைகள் வழியாகவும் நுழைந்தது. நுழைந்த சேர்வரிலுள்ள பக்கங்களில் தன்னை ஒட்டிக்கொண்டு, அந்த வெப்சைட்டைப் பார்க்க வந்தவர்களுக்கும் தொற்றியது. அங்கிருந்து உள்ளே திரும்பி, பகிரப்பட்டிருந்த ஒபிஸ் போல்டர்களில் தன் பிரதிகளை விதைத்தது. அதுவும் போதாதென்று, பிடித்த கணினியின் 'சி டிரைவை' தானே பகிர்ந்து, 'கெஸ்ட்' என்ற விருந்தாளிக் கணக்குக்கு நிர்வாகி அதிகாரமும் கொடுத்தது. விருந்தாளியாக வந்தவனிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்த கதை.

முன்கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே கதவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் அன்றே கண்டது. பாடம் படித்ததா? 2017 வரை போவோம்.

*445 ஆம் இலக்கக் கதவு: 2017*

ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் ஓர் இலக்கக் கதவு உண்டு. போல்டர் பகிரும் எஸ்.எம்.பி. யின் கதவு 445. அந்தப் பழைய முறையில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்க மைக்ரோசொப்ட் 2017 மார்ச் 14 இல் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, அதே ஓட்டையால் நுழைவதற்காக அமெரிக்க உளவு நிறுவனம் வைத்திருந்த கருவியை ஒரு குழு இணையத்தில் கசிய விட்டது. மே 12, வெள்ளிக்கிழமை. வனாகிரை பரவியது. பைல்களைப் பூட்டி விட்டு, திறக்க 300 டொலர் கேட்டது.

எவரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. இணையத்தைப் பார்த்து 445 திறந்திருந்த ஒரு கணினி போதும். அது உள்ளே வந்ததும் அதே கதவு வழியாகப் பக்கத்துக் கணினிகளுக்குத் தாவியது. சுமார் 150 நாடுகளில் 200,000 இற்கும் மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையின் மூன்றில் ஒரு பங்கு நிருவாகப் பிரிவுகள் பாதிக்கப்பட்டன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எமக்குப் பக்கத்தில், ஆந்திராவில் பொலிஸ் நிலையக் கணினிகளும் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. திருத்தம் வெளியாகி இரண்டு மாதமாகியும் அதைப் போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அடுத்த மாதம், ஜூன் 27 இல் நொட்பெட்யா. உக்ரைனில் பாவிக்கப்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் சேர்வரைக் கைப்பற்றி, அதன் வழியாக அனுப்பப்பட்டது. மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்தின் வலையமைப்பு சில நிமிடங்களில் விழுந்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையத்திலும் வேலை நின்றது. பிறகு 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் அவர்கள் மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. வகுப்பிலும் அடிக்கடி சொல்வோம். மெர்ஸ்க்கில் யார் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவை வைத்திருக்கும் சேர்வர்கள் உலகமெங்கும் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் பிரதி. ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று நம்பினார்கள். எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது, கானாவில். ஏன் தெரியுமா? அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை. சேர்வர் அணைந்து கிடந்ததால் புழுவுக்கு அது எட்டவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒருவர் நைஜீரியாவுக்குக் கொண்டு போய், அங்கிருந்து இன்னொருவர் லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். அதை வைத்துத்தான் நிறுவனம் மீண்டும் எழுந்தது.

கிட்டங்கிப் பாதை மாரியில் மூழ்கினால் நாம் கல்முனையிலிருந்து துண்டிக்கப்பட்டுப் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் துண்டிப்பு என்றால் கஷ்டம். அன்று மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது அந்தத் துண்டிப்புத்தான்.

*டெல்லியும் கொழும்பும்: 2022, 2023*

2022 நவம்பர் 23 காலையில் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் கணினிகள் நின்றன. ஐந்து சேர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. இரண்டு வாரமளவில் நோயாளர் பதிவு, இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் பேனாவும் கடதாசியுமாக நடந்தன. காரணம் என்னவென்று இந்தியப் பாராளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலில் இருந்தது: வலையமைப்பு முறையாகப் பிரித்து வைக்கப்படவில்லை. அதாவது, ஓர் அறைக்குள் வந்தவன் அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கும் சுவர்கள் சரியாக இல்லை. பாதிக்கப்படாத ஒரு பிரதிச் சேர்வர் தனியே இருந்ததால் நோயாளர் தரவு திரும்பக் கிடைத்தது.

2023 ஓகஸ்ட் 26 இல் எமது நாட்டின் முறை. லங்கா அரச கிளவுட். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் அதில்தான். சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021 இலிருந்தே அதை மாற்றத் திட்டம் இருந்தும் பணப்பற்றாக்குறையால் தாமதமானதாகப் பொறுப்பான நிறுவனம் சொன்னது. சேவை சீக்கிரம் திரும்பியது. ஆனால் மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இல்லை. நூறு நாட்களின் அரச கடிதங்கள் போனது போனதுதான். அதற்குப் பிறகே, இணைப்பில்லாத பிரதியை ஒவ்வொரு நாளும் எடுக்கத் தொடங்குவதாக அறிவித்தார்கள்.

அரசாங்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏனென்றால் நாங்களும் அதே பிழையைச் செய்தவர்கள்தான்.

*எங்கள் பிழை*

சில வருடங்களுக்கு முன், அப்போது நாங்கள் கடமையாற்றிய பாடசாலையில், பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்க ஒரு சிறிய வெப்சைட் செய்தோம். பழைய கணினிதான் சேர்வர். வீட்டிலிருந்தும் பார்க்க ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்தோம். வினாத்தாள்களைப் போடச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒபிஸ் கணினியின் போல்டரை, எழுதும் உரிமையும் கொடுத்து, அதோடு இணைத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமை.

டிசம்பர் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், எந்தப் பைலும் திறக்கவில்லை. பெயர்களுக்குப் பின்னால் விளங்காத எழுத்துகள். ஒவ்வொரு போல்டரிலும் பணம் கேட்கும் ஒரு குறிப்பு. மூன்று தவணைப் புள்ளிகள், பாதணி வவுச்சர் பட்டியல், விடுகைப் பத்திரப் பதிவு எல்லாம் போயின. பிரதி எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்? அதுவும் அதே கணினியில் எந்நேரமும் குத்தப்பட்டே இருந்தது. அதுவும் பூட்டப்பட்டிருந்தது.

அந்த வாரம் ஒரு தாய் மகளின் விடுகைப் பத்திரத்துக்காக வந்தார். வேறு பாடசாலையில் சேர்க்க வேண்டும், தவணை தொடங்கி விட்டது. இரண்டு தடவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

காப்பாற்றியது வகுப்பாசிரியர்கள் கையால் எழுதிய புள்ளிப் பதிவேடுகள். பாடசாலை விட்ட பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து மூன்று கிழமையில் திரும்ப அடித்தோம். அந்தப் பழைய கொப்பிகள்தான் எங்களுடைய கானா.

*அப்படியென்றால் என்ன செய்வது?*

கணினித் துறையினர் இதற்கு எப்போதோ வழி கண்டு விட்டார்கள். கொரிய யுத்தம் 1953 இல் நின்றபோது இரு படைகளுக்கும் நடுவே விடப்பட்ட நிலத்தின் பெயரையே எடுத்து வைத்தார்கள். எமக்கு விளங்கும் மொழியில் சொன்னால், ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையே இருந்த சூனியப் பிரதேசம். இணையத்தைப் பார்க்கும் சேர்வரை அந்த நடுநிலத்தில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வருபவர் அதுவரை வரலாம். அங்கிருந்து உள்ளே வரப் பாதை இருக்கக் கூடாது.

எங்கள் ஊர் அளவில் இதைச் செய்வது இப்படி:

1. வெப்சைட்டை ஒபிஸில் வைக்காதீர்கள். வெளியே ஹோஸ்டிங் வாங்குங்கள். ஒபிஸில்தான் வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி இணைப்பு, அல்லது ரவுட்டரில் பிரித்த தனி வலை கொடுங்கள்.

2. பைல் எப்போதும் உள்ளிருந்து வெளியே போகட்டும். வெளியிட வேண்டிய பைலை மட்டும் நாமே எடுத்து சேர்வரில் போட வேண்டும். சேர்வர் உள்ளே வந்து எடுக்கக் கூடாது.

3. ரவுட்டரில் 445, 139 கதவுகளை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் 3389 ஐயும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். வழியாகப் பார்க்கட்டும். பழைய எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பை அணைத்து விடுங்கள்.

4. போல்டரைப் பகிரத்தான் வேண்டுமென்றால் தனிக் கணக்கு, வாசிக்கும் உரிமை மட்டும். 'எவ்ரிவன், புல் கொன்ட்ரோல்' என்று ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

5. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். அந்த ஒன்று கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். தவணைக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு பைலைத் திறந்து பாருங்கள்.

6. சில விடயங்கள் அந்தக் கணினியிலேயே இருக்கத் தேவையில்லை.

ஆறாவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸக்காத் பெறும் குடும்பங்களின் பட்டியல், விதவைகளின் விபரம், தலாக் விவகாரங்களில் வந்த கடிதங்கள், யாருக்கு எந்த நோய்க்கு உதவி கொடுத்தோம் என்பது எல்லாம் எமது சங்கங்களிடம் இருக்கின்றன. பணத்தைப் பூட்டி வைப்போம், இவற்றைத் திறந்த போல்டரில் போடுவோம். கை நீட்டுவதற்கு வெட்கப்பட்டு, மஃரிபுக்குப் பிறகு இருட்டில் வந்து பெயர் கொடுத்தவர்கள் அதில் இருக்கிறார்கள். அந்தப் பெயர் எம்மிடம் உள்ள அமானிதம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் வருவதற்கு முன்பே நமக்கு இது தெரிந்திருக்க வேண்டியது.

2004 டிசம்பர் 26 ஐ நாம் மறக்கவில்லை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு சேர்த்துக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போனவர்கள் எத்தனை பேர். போட்டோ பிரதி எடுத்து வைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அசலும் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தன. கடைசியில் அலை எட்டாத இடத்தில் இருந்த பதிவேடுகளைப் பார்த்தே பலர் தம் பெயரைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்தக் காக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். வெப்சைட் செய்யுங்கள், நாங்களும் உதவுகிறோம். ஒபிஸ் கணினியை அதோடு கோர்க்காதீர்கள். அவர் கொஞ்சம் யோசித்து விட்டு, "அப்ப ஹோஸ்டிங் காசுக்கு ஒருத்தரப் பிடிப்பம் சேர்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

நாளைக் காலையில் உங்கள் ஒபிஸ் கணினியைத் திறந்து, எந்தெந்தப் போல்டர் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். விளங்காவிட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள். சவளக்கடை, நாவிதன்வெளி, மத்திய முகாம் பக்கம் என்றால் பாடசாலை விட்ட பிறகு நாங்களே வந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வரும்போது ஒரு வெறும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வாங்கி வையுங்கள்.

வஸ்ஸலாம்.